நீ நின்ற கதையும் நாங்கள் போன கதையும்

என் மகளுக்கு,

உன் கடிதம் போன திங்கள்கிழமை வந்தது. பதில் எழுத உட்காருவது இது நாலாவது தடவை. முதல் மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றும் கடிதமாக இல்லை, பிரசங்கமாக இருந்தன. முப்பது வருஷம் மேடையில் பேசிப் பழகிய வாய் எனக்கு, பேனாவும் அதன் பின்னாலேயே போகிறது. வழக்கமாகக் கடிதத்தின் தலையில் எழுதும் வாழ்த்தைக்கூட இன்று எழுதவில்லை. ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அதை எழுதினால் அடுத்த வரியில் என் கை தானாகவே ஜெபக் கடிதத்துக்குப் போய்விடும், அதற்கடுத்த வரியில் நான் பொய் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஜூன் மாதம் என் பேத்தி ஜெபாவை, நீ படித்த அதே ஹாஸ்டலில் கொண்டுபோய் விடப் போவதாக எழுதியிருக்கிறாய். அவளுக்கு ஐந்து வயது. விடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், விடாதே. ஒரு தகப்பன் மகளுக்கு இப்படி எழுதலாமா என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். எனக்கு இனி மானம் பார்க்க நேரம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. உன் கதையை நான் எந்தெந்தச் சபைகளில் சொன்னேனோ, குன்னத்துகாலிலும் தனுவச்சபுரத்திலும் அதற்கு அப்பாலும், அங்கெல்லாம் இதன் நகலை அனுப்பப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கி எழுதியிருப்பேன், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தில் ஒரு வரி. "அப்பா, நான் அந்த வாசலில் நின்றதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தான். என் மகளுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும்." இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது அவ எழுதினதாக்குமா? இது உங்க எழுத்தாக்குமே" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நான் எழுதினா அவ கேக்கமாட்டா. நீங்க சொல்லித்தான் அவ இப்பிடி ஆனா, நீங்களே எழுதுங்க" என்று காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். அவள் சொன்னது நியாயம். உன்னைப் பெற்றவள் அவள், உனக்குள் இந்த எண்ணத்தை விதைத்தவன் நான்.

நாங்கள் மிஷனரிகளாக வடக்கே போனபோது நீ கைக்குழந்தை. ரயிலை விட்டு இறங்கி ஒரு பகல் முழுக்க பஸ், அதற்கப்புறம் நடை. அந்த மலைக் கிராமத்தில் போய்ச் சேர்ந்த முதல் வாரமே நான் ஒரு சட்டம் போட்டேன். வீட்டுக்குள் தமிழ் கூடாது. யாரிடம் ஊழியம் செய்ய வந்தோமோ அவர்களுடைய பாஷையைத்தான் நாமும் பேச வேண்டும், பிள்ளையும் அதையே பேசி வளர வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! மாதாமாதம் நம் ஊர்ச் சபைகளுக்கு நான் அனுப்புவேனே ஜெபக் கடிதம், அதில் இதை விரிவாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதை வாசித்தபோது பலர் அழுதார்களாம். அம்மாவுக்கு அப்போது அந்தப் பாஷையில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். தன் பிள்ளையைத் தன் வாயால் கொஞ்ச முடியாமல் ஒரு வருஷம் ஊமைபோல இருந்தாள். அதை நான் ஜெபக் கடிதத்தில் எழுதவில்லை. எப்போதாவது அவளுக்குத் தமிழ் தவறி வரும். நான் கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து "வாறேன்" என்பாள், சொன்ன கையோடு வந்து நிற்பாள். உன் காதில் விழுந்த தமிழ் அந்த மாதிரி நாலைந்து சொல்தான். வா, வாறேன், சோறு, தண்ணி.

ஐந்தரை வயதில் உன்னை ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தோம். மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று தமிழ்நாட்டில் இருந்த ஹாஸ்டல். வார்டன், ஆயா, வாத்தியார், பிள்ளைகள், எல்லாரும் தமிழ். தமிழ் தெரியாத பிள்ளையைத் தமிழ் மட்டுமே தெரிந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. நம்முடைய பிள்ளைதானே, தமிழ் ரத்தத்தில் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று உன் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அதையும் தமிழில்தான் செய்தேன், வார்டன் அம்மா பக்கத்தில் நின்றார்களே. ஜெபம் முடிந்ததும் "வாறேன் மக்களே" என்றேன். நீ தலையை ஆட்டினாய். அழவில்லை. திரும்பிப் போகும் ரயிலில் உட்கார்ந்து அந்த மாத ஜெபக் கடிதத்தை எழுதினேன். எங்கள் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எங்களைச் சந்தோஷமாக வழியனுப்பினாள் என்று எழுதினேன். அந்தக் கடிதம் இங்கே எத்தனை சபைகளில் வாசிக்கப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

பிறகு பன்னிரண்டு வருஷம். நீ விடுமுறைக்கு வருவாய், போவாய். தொண்ணூறாம் வருஷம் அம்மாவுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போய், மலை ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, ஊருக்கே திரும்பிவிட்டோம். நீயும் பிளஸ் டூ முடித்து ஹாஸ்டலிலிருந்து வந்தாய். மூன்று பேரும் இரண்டு திசையிலிருந்து வந்து கேரள எல்லையோரப் பனச்சமூட்டில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் விருந்தாளிகள் மாதிரி நுழைந்தோம். சோற்றுக்கு உட்காரும்போது யார் எங்கே உட்காருவது என்றுகூட நமக்குத் தெரியவில்லை. நீ பேசிய தமிழைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரி, "பிள்ள பேசுதது ரேடியோ நியூஸ் வாசிக்குத மாதிரி உண்டு கேட்டியளா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். மலையாளம் உனக்குச் சுத்தமாக வராது. பஸ் கண்டக்டர் மலையாளத்தில் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாய்.

எனக்கும் அந்த நாட்கள் நல்ல நாட்களாக இல்லை. சந்தைக்குப் போனால், பஸ்ஸுக்கு நின்றால், ஒரே கேள்வி. "எந்தா அண்ணாச்சி, நீங்க மிஷன விட்டாச்சா, இல்ல மிஷன் உங்கள விட்டாச்சா?" வேடிக்கையாகத்தான் கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். போகும்போது மாலை போட்டு அனுப்பிய சபையில் இப்போது கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நான் தோற்றுப்போய் வந்தவன் என்று ஊரே நினைப்பதாக எனக்குப் பட்டது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு நான் செய்த காரியம் இந்த இடத்திலிருந்துதான் முளைத்தது.

அந்த மே மாதத்தில் அம்மா சொன்னாள், நாம் மூன்று பேரும் சேர்ந்து ஒரு இடத்துக்கும் போனதில்லையே, ஒரு நாளாவது போய்வரலாம் என்று. உண்மைதான். ஊர் சுற்றுவது என்பது ஊழியக்காரனுக்கு ஆகாத காரியம் என்று நினைத்திருந்தவன் நான். பனச்சமூட்டில் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மார்த்தாண்டம், அங்கிருந்து தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் கறுத்த, வழுவழுப்பான தரையில் நீ அடிமேல் அடி வைத்து நடந்தாய். குனிந்து தரையில் உன் முகம் தெரிகிறதா என்று பார்த்தாய். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரள அரசு என்று நான் சொன்னதும், "அப்போ இதுவும் என்ன மாதிரிதான்" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மத்தியானம் கன்னியாகுமரி. பாறைக்குப் போகும் படகுக்கு நீண்ட வரிசை. உங்கள் இரண்டு பேரையும் ரோட்டு ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "இஞ்ச நில்லு மக்களே, நான் டிக்கெட் எடுத்துட்டு வாறேன்" என்று போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "ஐயா, நீங்க அந்த மலை ஊழியத்திலே இருந்த ஐயாவாக்குமே? உங்க ஜெபக் கடிதம் ஒண்ணு விடாம வாசிச்சிருக்கேன் நான்!" என்றார். இரண்டு மாதமாக வாடிப்போயிருந்தவனுக்கு இது போதாதா? டிக்கெட் வாங்கிய பிறகும் அவர் விடவில்லை, எனக்கும் விட மனசில்லை. டீக்கடையில் உட்கார்ந்து பழைய ஜெபக் கடிதங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அம்மா ஒரு சங்குக்கடையின் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். நீ அந்தக் கம்பத்தடியிலேயே நின்றாய். உச்சி வெயில், தார் ரோடு. முகம் சிவந்து, உதடு வறண்டு, இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "எத்தற மட்டம் கூப்பிட்டேன், நிழலுக்கு வரமாட்டேங்குதா" என்றாள் அம்மா. எனக்கு என் மேல் வந்த கோபம் உன் மேல் பாய்ந்தது.

"நீ என்ன சின்னப் பிள்ளையா? நிழல்ல போயி நிக்கப்பிடாதா? மண்டைக்குள்ள வெளிவு இல்லியா?"

"நீங்க வரேன்னு சொன்னீங்கப்பா" என்றாய். பதினெட்டு வயதுப் பெண் நீ அப்போது.

சாயங்காலம் மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது நீயாகவே அந்தக் கதையைச் சொன்னாய். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாய் என்று இப்போது நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே சொன்னாய். ஹாஸ்டலில் விட்ட அன்று நான் "வாறேன்" என்றேனா? உனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் அது ஒன்று. அம்மா வாறேன் என்றால் உடனே வருவாள். ஆகவே அப்பாவும் இப்போதே வருவார். நம் பக்கத்தில் விடைபெறுகிறவர் யாரும் போறேன் என்று சொல்வதில்லை, வாறேன் என்றுதான் சொல்வார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் இருந்த மலையில் போகிறவர்கள் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். சாப்பாட்டு மணி அடித்தது, போகவில்லை. ஆயா தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வகுப்பு விட்டதும் மறுபடி வந்து நின்றாய். அதற்கு மறுநாளும். உன்னால் யாரிடமும் கேட்க முடியவில்லை, யாராலும் உனக்குச் சொல்ல முடியவில்லை. பதினொரு நாள். கடைசியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உன்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கையால் சைகை காட்டி விளக்கினாளாம். நீ அவளைப்போலவே தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக் காட்டினாய். "அடி லூசு, வரேன்னா போறேன்னு அர்த்தம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், மக்களே. பக்கத்தில் அம்மா சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் சிரிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வந்த பிறகு முதல் தடவையாக எனக்கு நம் சபையில் பேச இடம் கொடுத்தார்கள். என்ன பேசுவதென்று ஒரு வாரம் யோசித்திருந்தேன், ஒன்றும் ஓடவில்லை. பிரசங்கம் பாதியில் தள்ளாட ஆரம்பித்தது. பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். அப்போது என் வாய் தானாக உன் கதையை எடுத்தது. சொல்லச் சொல்ல ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "வரேன்னா போறேன்னு அர்த்தம்" என்றதும் சபையே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்று, குரலைத் தாழ்த்தி, அடுத்ததைச் சொன்னேன். ஆண்டவரும் வருவேன் என்று சொல்லித்தான் போயிருக்கிறார். உலகம் நம்மைப் பார்த்து, வருவேன் என்றால் போனேன் என்றுதான் அர்த்தம் என்று கேலி செய்கிறது. நாமோ இந்தச் சின்னப் பிள்ளையைப் போல, மணி அடித்தாலும் போகாமல், வாசலிலேயே நிற்க வேண்டும். இந்தப் பிள்ளையின் காத்திருப்பு வீண் அல்ல, இது பாக்கியம். அப்படிச் சொன்னேன். ஆமென் ஆமென் என்று சபை எழும்பியது. அழாதவர்கள் இல்லை.

நீ பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். மணலில் உட்கார்ந்து எங்களிடம் மட்டும் சொன்ன ஒன்றை நூறு பேருக்கு முன்னால் எடுத்து வைத்துவிட்டேனே என்று உன்னைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் உன் முகத்தில் கோபம் இல்லை. ஆராதனை முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பாக்கியம் செய்த பிள்ளையாக்கும் நீ மக்கா" என்றார். உன் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் மகளுக்கு ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இந்த மடையன் வீட்டுக்கு நடந்தான்.

அதிலிருந்து என் காலம் மாறிவிட்டது. கன்வென்ஷன், மிஷனரி ஞாயிறு, பெண்கள் ஐக்கியம், எங்கே கூப்பிட்டாலும் அந்தக் கதையைக் கேட்டார்கள். நான் வேறு எதையாவது பேசப் போனால் துண்டுச்சீட்டு எழுதி அனுப்புவார்கள், ஐயா அந்தக் கேட் கதையைச் சொல்லுங்கள் என்று. பனச்சமூடு டீக்கடையில் எனக்குப் பட்டப்பேரே வைத்துவிட்டார்கள். "எலே, வாறேன் பிரசங்கியாரு வாறாரு, பெஞ்ச ஒதுக்கிப் போடு டே" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தோற்று வந்தவன் என்ற பேர் போய்விட்டதே. சொல்லச் சொல்லக் கதையும் வளர்ந்தது. பதினொரு நாள் சில இடங்களில் ஒரு மாதம் ஆனது. மழை பெய்யாத ஊரில் மழை பெய்தது.

நீ தனுவச்சபுரத்தில் டிகிரி படித்த மூன்று வருஷமும் இதைக் கேட்டு வளர்ந்தாய். பிறகு ஊழியத்துக்குப் போகிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று நீயே சொன்னாய். மாப்பிள்ளை தங்கமானவர், அதில் எனக்குக் குறையில்லை. நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று நம்பினேன். இப்போதுதான் புரிகிறது, சிரித்துத் தாண்டி வந்த ஒரு காயத்தை நான் உனக்குக் கிரீடமாகச் செய்து தலையில் வைத்துவிட்டேன். நீ அதைக் கழற்றி உன் மகள் தலையில் வைக்கப் பார்க்கிறாய்.

உன் நியாயங்களைப் படித்தேன். நீங்கள் ஊழியம் செய்யும் ஊரின் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், மூன்றாம் வகுப்புக்கு மேல் இல்லை, பிள்ளையின் எதிர்காலம் என்னாவது என்கிறாய். இதே வார்த்தைகளை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் இல்லையா? உங்களுக்காகத்தான் வந்தோம், உங்களில் ஒருவராகிவிட்டோம் என்று எங்கள் மலை ஜனங்களிடம் சொன்னவன், உங்கள் பள்ளிக்கூடம் என் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லாமல் சொன்னேனே. அவர்களுக்கு அது புரியாமலா இருந்திருக்கும்? உன்னை ஹாஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், உன் பிள்ளை உனக்குப் பாரமா என்று. நான் அதற்கும் ஒரு விளக்கம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது.

அம்மா என்னிடம், "பிள்ளைய இஞ்ச கொண்டு விடச் சொல்லி எழுதுங்க, நான் பாத்துக்கிடுவேன்" என்றாள். போன டிசம்பரில் நீங்கள் வந்திருந்தபோது ஜெபா அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றினாளே, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறாள். நானும் ஆசைப்படாமல் இல்லை. ஆனாலும் அதை எழுதமாட்டேன். இங்கேயும் விடாதே. எங்கள் முற்றத்தில் நின்றாலும் அவள் உன்னைத்தான் எதிர்பார்த்து நிற்பாள். அவளை உன்னோடு வைத்துக்கொள். முடியாவிட்டால் மூன்று பேருமாகத் திரும்பி வந்துவிடுங்கள். நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள், ஒரு வருஷம் கேட்பார்கள், அப்புறம் அவர்களுக்கு வேறு ஜோலி வந்துவிடும். எனக்கு அந்தக் கேள்விகளைத் தாங்கத் திராணி இல்லை, அதனால் உன்னை விற்றேன். உனக்கு அந்தத் திராணி உண்டு.

இவ்வளவும் எழுதி நேற்றுக் காலையில் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை வாசித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"ஒம்பது வருஷமா அவ நின்ன கதயச் சொன்னிய. இதிலயும் அதத்தான் எழுதியிருக்கிய. நாம போன கதய எப்பளாக்கும் சொல்லப் போறிய?"

நான் மறுபடி பேனாவை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

மக்களே, அன்றைக்கு நாங்கள் உடனே போகவில்லை. ஹாஸ்டலுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டி, கொஞ்சம் தள்ளி ஒரு பஸ் நிறுத்தம். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அங்கே ஒரு வைக்கோல் லாரி நின்றது. அதன் மறைவில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ரோட்டின் இந்தப் பக்கம் பார்ப்பாய், பிறகு அந்தப் பக்கம் பார்ப்பாய். செருப்பு இடம் வலம் மாறிக் கிடந்தது. அழவே இல்லை. நாங்கள் இப்போது வந்துவிடுவோம் என்று நம்பியவள் எதற்கு அழ வேண்டும்? நான் ஜெபக் கடிதத்தில் பெருமையாக எழுதிய உன் தைரியம் அதுதான்.

"ஒருக்க போயி பாத்துட்டு வாறேன்" என்றாள் அம்மா. "போனா அழுக கூடும், பேசாம நில்லு" என்றேன். அவள் காலை எடுத்து வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பஸ் வரும்வரை விடவில்லை. ரயிலில் அவள் வளையலை மேலே ஏற்றிவிட்டபோது என் விரல்கள் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. நீ பிரசங்கத்தில் கேட்டாயே ஒரு தகப்பன், தூர தேசத்துக்குப் போயிருக்கிறார், ஒரு நாள் வருவார் என்று, அப்படி ஒருவன் அங்கே இல்லை. உன் தகப்பன் கூப்பிடு தூரத்தில் லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டிருந்தான். அதில் எந்த அர்த்தமும் இல்லை. நீ நின்றது பாக்கியமும் இல்லை, சாட்சியும் இல்லை. ஒரு பிள்ளைக்கு நடந்த அநியாயம், அவ்வளவுதான்.

பஸ் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தோம். கேட் பக்கத்தில் வந்தபோது வேகத்தடையோ என்னவோ, பஸ் மெதுவாகப் போனது. நீ கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாய். சின்னப் பிள்ளைகள் போகிற பஸ்ஸுக்கெல்லாம் ஆட்டுவார்களே, அப்படி ஆட்டினாயா, இல்லை எங்களைப் பார்த்துவிட்டு ஆட்டினாயா, எனக்குத் தெரியாது. அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள். நான் பைக்குள் எதையோ தேடுகிறவனைப் போலக் குனிந்துகொண்டேன்.

நீ என்னைப் பார்த்தாயா? கடற்கரையில் அன்று அதைச் சொல்லாமல் விட்டாயா? இதைக் கேட்க எனக்கு இத்தனை வருஷம் தைரியம் வரவில்லை. நீ பதில் எழுத வேண்டாம். பார்த்திருந்தால் என்னை மன்னிக்கவும் வேண்டாம். ஒன்றே ஒன்று செய். ஜூன் மாதம் அந்த வாசலுக்கு நீ போனால், பஸ் வரும்போது தனியாக ஏறாதே. அவளையும் தூக்கிக்கொண்டு ஏறு.

அப்பா